பித்தளைச் சூரியனைப் பார்க்க வந்தவர்கள்

காரைக்குடியில் என்னைப் பற்றி இரண்டு கருத்து இருந்ததில்லை. கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்துத் துறைத்தலைவராக ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்தவர்கள் இன்றும் கடைவீதியில் என்னைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்கிறார்கள். பங்காளிகளுக்குள் வழக்கு என்றால் என்னைத்தான் நடுவில் உட்காரவைப்பார்கள். வாக்கில் பிழை, வரிசையில் பிழை, வேட்டியில் கசங்கல் ஆகிய மூன்றும் என்னிடம் கிடையாது என்பது ஊர் ஒப்புக்கொண்ட செய்தி. (என் மனைவி மீனாட்சி ஒப்புக்கொண்டதில்லை. அவள் இந்த ஊர்க்காரி அல்ல, தேவகோட்டை.)

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு போகிப் பண்டிகையன்று, பிற்பகல் ஒன்றரை மணி வரை இந்த நிலை நீடித்தது.

எங்களுக்கு ஒரே மகள். உமையாள். சென்னையில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, திருமணம் ஆகியிருக்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கலன்று, அவளிடம் சொல்லாமல், ஒரு குடும்பத்தைக் காபி சாப்பிட வரவழைத்திருந்தேன். அவர்களோடு, தற்செயலாக, அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகனும் வந்திருந்தார். தற்செயலாக அவர் பட்டு வேட்டியும் கட்டியிருந்தார். உமையாள் எல்லோருக்கும் காபி கொடுத்தாள், மரியாதையாகப் பேசினாள், மாலைப் பேருந்தில் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு வந்த தீபாவளிக்கு அவள் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை.

நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'உன் திருமணம் குறித்து இனி நானாக ஒரு சொல்லும் பேச மாட்டேன். ஒரு செயலும் செய்ய மாட்டேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். (பெற்ற பிள்ளைக்குப் பதிவுத் தபாலா என்று அஞ்சலகத்தில் கேட்டார்கள். ஒப்புகை அட்டை வேண்டும் என்றேன்.) பல மாதங்கள் கழித்து, மார்கழி பிறந்த வாரத்தில், அவள் தொலைபேசியில் அழைத்தாள். (எங்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்பார்கள்.)

"அப்பச்சி, பொங்கலுக்கு வாரேன். மூணு நாள் இருப்பேன். ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை அந்த மாதிரி நடந்துச்சுன்னா, அதுக்கப்புறம் நான் காரைக்குடிப் பக்கமே வர மாட்டேன். கோவமாச் சொல்லல. சும்மா சொல்லி வைக்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு உறக்கம் வந்திருக்கும்.

அவள் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது, எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அவள் ஒரு படம் அனுப்பினாள். சென்னையில் யாரோ கிறிஸ்துமஸுக்காகச் செய்த அலங்காரம். தையல் இயந்திரச் சக்கரங்கள், உடைந்த சுவர்க் கடிகாரங்கள், அரிக்கேன் விளக்குகள், பழைய தகர டப்பாக்கள் இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்தியிருந்தார்கள். அதன் கீழே உமையாள் எழுதியிருந்தாள்: 'எவ்வளவு அழகு. பாத்தா அழுகை வருது.'

எனக்குச் சுருக்கென்றது. யாருடைய தகர டப்பாவையோ பார்த்து அழுகிறவள், எங்கள் மாடி அறையில் மூன்று தலைமுறையாகக் குவிந்து கிடப்பவற்றைப் பற்றி ஒருமுறை என்னிடம் சொன்னது, "அந்தப் பாத்திரத்தையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு ரூமுக்கு வெள்ளையடிங்க அப்பச்சி" என்பதுதான். அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தப் பாத்திரங்களாலேயே அவளுக்கு ஒரு பொங்கல் செய்து காட்டுவேன். அவள் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் வைத்த பொங்கலைப் போல, சூரியன், பானை, கரும்பு, கோலம் அனைத்தும் கொண்ட ஒரு படம். ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் வருகிறவள் அதைப் பார்த்து வாயடைத்து நிற்க வேண்டும். அதுவரை ஒருவருக்கும் தெரியக்கூடாது. மீனாட்சிக்கும்தான்.

வாய்ப்பும் அமைந்தது. தேவகோட்டையில் என் மைத்துனர் அருணாசலத்தின் மனைவிக்குக் கால் பிசகிவிட்டதால், மீனாட்சி நான்கு நாட்கள் தம்பி வீட்டில் தங்கப் போனாள். போகும்போது, "சும்மா இருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டின் வளவு, அதாவது நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண்களும் உள்ள பகுதி, நல்ல நீள அகலம் கொண்டது. அதைச் சுற்றி மாடியில் ஒரு நடை இருக்கிறது. அங்கே நின்று குனிந்தால் முற்றம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். ஆகவே படத்தை முற்றத்துத் தரையில் பரப்பி, உமையாளை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டுவதென்று தீர்மானித்தேன். மேலே நின்றால் அது படம். கீழே நின்றால் அது பாத்திரம். இந்த வேறுபாட்டை நான் அறிவேன். அதனால் விளையக்கூடியதைத்தான் அறியவில்லை.

வடிவமைப்பில் ஒரு குறையும் இல்லை என்பதை இன்றும் உறுதியாகச் சொல்வேன். என் தாயார் கொண்டுவந்த பெரிய பித்தளைத் தாம்பாளம் சூரியன். அதைச் சுற்றி இருபத்து நான்கு கரண்டிகள், கரண்டிக்குக் கரண்டி பதினைந்து டிகிரி இடைவெளியில், கதிர்கள். செம்புகளை விளிம்பாக அடுக்கிப் பொங்கல் பானை. பழைய அடுக்குத் தூக்குகளைப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் படுக்கவைத்து ஒன்றோடொன்று முட்டவைத்தால் கணுக் கணுவாகக் கரும்பு. இரும்புத் தோசைத் திருப்பிகள் அதன் தோகை. எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்துக் கோலப் புள்ளிகள். (டம்ளர் கரும்பாகுமா என்று முதலில் முயன்று பார்த்தேன். ஆகவில்லை. உருண்டது.)

பாத்திரங்கள் கறுத்துக் கிடந்தன. எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் பாக்கியத்தைப் புளி போட்டுத் துலக்கச் சொன்னேன். அவள் நான்கு தாம்பாளம் துலக்கியதும் நிமிர்ந்தாள்.

"அய்யா, இம்புட்டையும் ஒண்ணாத் துலக்கச் சொல்றீகளே, என்ன விசேசம்?"

"பொங்கல்."

"பொங்கலுக்கு ஒரு பானை போதுமேய்யா."

நான் பதில் சொல்லவில்லை.

"சரி சரி. சொல்லக் கூடாதுன்னா நான் ஏன் கேக்கப் போறேன். நல்லது நடந்தாச் சரி."

எங்கள் ஊரில் ஒரு செய்தியை மறுத்தால் பாதிப் பேர் நம்புவார்கள். பதிலே சொல்லாவிட்டால் எல்லோரும் நம்புவார்கள்.

வானத்துக்கு நீல நிறம் தேவைப்பட்டது. மங்குச் சாமான் என்று நாங்கள் சொல்லும் எனாமல் பூசிய தட்டுகள் எங்களிடம் வெள்ளையில்தான் இருந்தன. பழைய பொருட்கள் விற்கும் தெருவுக்குப் போனேன். கடைக்காரர் பாய் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க புரபசர். என்ன குடுக்கக் கொண்டாந்திருக்கீக?"

"கொடுக்க வரவில்லை. வாங்க வந்திருக்கிறேன். நீல மங்குத் தட்டு. இரண்டு டஜன்."

"நம்ம கடைக்கு ஒங்க மாதிரி வீட்டுலருந்து விக்கத்தான் வருவாக. வாங்க வந்த மொத ஆளு நீங்கதான். ஆருக்கு, மகளுக்கா?"

"மகளுக்குத்தான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் தட்டுகளைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி, வாசல் வரை வந்து, "அல்லா நல்லபடியா நடத்திக் குடுப்பான்" என்று வழியனுப்பினார். ஒரு வானத்துக்கு இது சற்று அதிகமான வாழ்த்து என்று தோன்றியது. மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மறுநாள் பகலில் சூரியனும் பானையும் கரும்பும் வானமும் முற்றத்தில் அமைந்துவிட்டன. கோல அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுத் தெய்வானை ஆச்சி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். எனக்குப் பத்து வயது மூத்தவர்கள். ஊரே புரபசர் என்று அழைக்கும் என்னைத் தம்பி என்று அழைக்கும் ஒரே மனிதர்.

ஆச்சி வளவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார்கள். உதடுகள் மெல்ல அசைந்தன. எண்ணுகிறார்கள்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் என்றால், அவளுக்குக் கொடுக்கும் சாமான்கள் அனைத்தையும் வளவில் வரிசை வரிசையாகப் பரப்பி வைப்போம். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், மங்கு, வெள்ளி, மெத்தை, தலையணை என்று வகை வகையாக. ஊர்ப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் எண்ணுவது. எண்ணியதை அவர்கள் மறப்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எந்த வீட்டில் எத்தனை குத்துவிளக்கு பரப்பினார்கள் என்பது தெய்வானை ஆச்சிக்கு இன்றும் மனப்பாடம்.

"பித்தளை நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார்கள். "மங்கும் இருக்கு. வெள்ளிதான் கண்ணுல படல."

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பாக்கியத்தின் 'நல்லது', பாயின் வாழ்த்து, ஆச்சியின் உதடு மூன்றும் ஒரு நேர்கோட்டில் வந்து நின்றன. நான் என் மகளுக்குத் திருமணச் சாமான் பரப்பிக்கொண்டிருக்கிறேன் என்று தெரு நினைக்கிறது. அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

'ஆச்சி, திருமணம் ஒன்றும் இல்லை. இது ஒரு படம்' என்று சொல்ல எனக்கு நான்கு விநாடி போதும். வாயையும் திறந்தேன். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று மனம் முந்திக்கொண்டு போய்ப் பார்த்தது. 'படமா? இந்த வயசுல சொப்புச் சாமான் வச்சு வெளையாடுறீகளா?' என்பது ஒன்று. 'அப்ப உமையாளுக்கு இன்னும் ஒண்ணும் அமையலையா?' என்பது மற்றொன்று. இரண்டையும் தாங்கும் நிலையில் நான் இல்லை. அதைவிட, வெள்ளி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டில்.

"வெள்ளி பீரோவில் இருக்கிறது ஆச்சி" என்றேன்.

"பீரோவுல இருந்தா ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு ஆச்சி போய்விட்டார்கள்.

கற்றறிந்த ஒருவன் இவ்விடத்தில் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்திருப்பான். நான் பீரோவைத் திறந்தேன். பானையில் பால் பொங்கி வழிவதற்கு ஏதேனும் வெண்மை வேண்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக் கிண்ணங்களும் டம்ளர்களும் பானையின் வாயில் நுரையாக எழுந்தன. உண்மையிலேயே அழகாக இருந்தது. அதுதான் கேடு.

அன்று மாலைக்குள் மேலும் ஐந்து பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர், "மெத்தை தலையணை இனிமேத்தான் வருமோ" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். மறுநாள் காலையில் என் படத்துக்கு ஒரு மாடு தேவைப்பட்டது. மெத்தைகளைச் சுருட்டி உடல், தலையணை தலை, இரண்டு அரிவாள்மனைகள் கொம்பு. இன்னொருவர், "குத்துவிளக்கு ஒரே சோடிதானா" என்றார். பிற்பகலில் வாசலின் இருபுறமும் விளக்கு வரிசை கொண்ட ஒரு கோயில், படத்தின் மூலையில் எழும்பியது. இவ்வாறு, ஊர் எதைக் குறை என்று சொன்னதோ அது மாலைக்குள் என் ஓவியத்தில் ஓர் உறுப்பாயிற்று. கலைஞன் விமரிசனத்துக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பார்கள்.

இதற்கிடையில் பாக்கியம் ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"அய்யா, தெருவுல ஒரு பேச்சு. தப்பா நெனச்சுக்காதீக. மார்கழி முடிய இன்னும் ஒரு நாள் இருக்கு, அதுக்குள்ள பரப்பிட்டாகளேன்னு கேக்குறாக."

மார்கழியில் நாங்கள் திருமணப் பேச்சே எடுப்பதில்லை. தை பிறக்க வேண்டும்.

"அதனால்?"

"ஒரு நாள் பொறுக்க முடியாத அளவுக்கு என்ன அவசரமாம். பாப்பா மெட்ராசுல தானாப் பாத்துக்கிட்ட எடமாம். பையன் நம்ம ஆளு இல்லையாம். தெய்வானை ஆச்சி சொல்லல. மத்தவுக சொல்றாக."

அன்றிரவு நான் உறங்கவில்லை. எடுத்துவிடலாம் என்று இருமுறை எழுந்தேன். இப்போது எடுத்தால், 'கல்யாணம் நின்னு போச்சு' என்பார்கள். இருந்தால் ஒரு வதந்தி. எடுத்தால் வேறொரு வதந்தி. உமையாள் வந்ததும் நேரே மாடிக்கு அழைத்துப் போய்விட்டால், அவள் படத்தைப் பார்ப்பாள், மகிழ்வாள், தெருவை நான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கிட்டேன். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வர இருபது நிமிடம் ஆகும் என்பதும், அந்த இருபது நிமிடமும் காரைக்குடிக்குள்தான் என்பதும் என் கணக்கில் வரவில்லை.

போகியன்று காலை பதினொரு மணி முதல் பெண்கள் வரத் தொடங்கினார்கள். கையில் வெற்றிலை, பழம், சர்க்கரை. வளவு நிறைந்துவிட்டது. பெண்கள் நிறைந்த இடத்தில் நான் நிற்பது முறையல்ல என்பதால் முன்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே பாத்திரங்களின் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. எண்ணுகிறார்கள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டரைக்கு ஒரு கார் வந்து நின்றது. என் மைத்துனர் அருணாசலம் இறங்கினார். பின்னால் மீனாட்சி.

"அயித்தான்" என்றார் அருணாசலம், வேட்டியை மடித்துக் கட்டியபடியே. "நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உட்காருங்கள். தண்ணீர் சாப்பிடுங்கள்."

"தண்ணி கெடக்கட்டும். தாய்மாமன் நான். என் மருமகளுக்குக் கல்யாணம்னு தேவகோட்டைப் பால்காரன் எனக்குச் சொல்றான். மார்கழியில சாமான் பரப்புற அளவுக்கு என்ன தலை போற அவசரம்? ஆரு அந்தப் பையன்?"

மீனாட்சி உள்ளே எட்டிப் பார்த்தாள். தன் வெள்ளிக் கிண்ணங்களைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்னங்க இது. நாலு நாளு வீட்டுல விட்டுட்டுப் போனா, புள்ளையவே கட்டிக் குடுத்துட்டீகளா?"

"மீனாட்சி, இது..." என்று தொடங்கினேன். நிலைக்கதவுக்குப் பின்னால் தெய்வானை ஆச்சியின் புடவை முந்தானை தெரிந்தது. "பிறகு பேசலாம்" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். மணி இன்னும் ஒன்றாகவில்லை.

ஒன்றேகாலுக்கு ஆட்டோ வந்தது. உமையாள் ஒரு தோள்பையோடு இறங்கினாள். இரண்டு ஆண்டுகளில் மெலிந்திருந்தாள். படியேறி வந்து முன்கட்டில் நின்றாள். பையை இறக்கி வைக்கவில்லை. அதைத்தான் நான் கவனித்தேன்.

"அப்பச்சி, ஸ்டேசன்லருந்து இங்க வர்றதுக்குள்ள மூணு பேரு எனக்கு வாழ்த்துச் சொல்லிட்டாக. ஆட்டோக்காரரு, பூக்கார அக்கா, தெருமுனை டெய்லரு. டெய்லரு ரவிக்கைக்கு அளவெடுக்க எப்ப வரட்டும்னு கேக்குறாரு." குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை. "நான் என்ன சொல்லட்டும்?"

"உமையா, ஒன்றும் கேட்காதே. மேலே வா. மேலிருந்து பார்."

"மேல ஆரு இருக்கா?"

"யாரும் இல்லை."

"போன தடவையும் ஆரும் இல்லன்னுதான் சொன்னீக."

அருணாசலம் என்னையும் மாடிப்படியையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் மேலே ஒரு பையனை எதிர்பார்க்கிறார் என்பது தெரிந்தது.

நான் முன்னால் ஏறினேன். இருபத்தோரு படிகள். (முட்டி வலி இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வாயை இறுக்கிக்கொண்டு ஏறினேன்.) அவள் பையோடு பின்னால் வந்தாள். 'இன்னும் ஒரு நிமிடம்தான். பார்த்துவிடுவாள்' என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டேன். நடைக்கு வந்து கைப்பிடிச் சுவரைப் பற்றினேன். "இப்போது பார்" என்று சொல்லிக் கீழே கை நீட்டினேன். பிறகு நானும் பார்த்தேன்.

சூரியன் இல்லை.

தாம்பாளங்கள் பெரிதிலிருந்து சிறிதாக ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. இருபத்து நான்கு கதிர்களும் டஜன் டஜனாக இரண்டு கட்டுகளாகச் சணல் கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. கரும்பு மறுபடியும் தூக்குகளாகி, மூடியோடு, வரிசையில் நின்றது. பால் நுரை ஒரு பட்டுத்துணியின் மேல் வகைவாரியாக வைக்கப்பட்டிருந்தது. வானம் தூண் ஓரத்தில் இரண்டு அடுக்காகச் சாய்ந்திருந்தது. மாடு பிரிந்து மெத்தையாகி, அதன் தலை தலையணையாகி, படுத்திருந்தது. நடுவில் இடுப்பில் கை வைத்துத் தெய்வானை ஆச்சி அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஆம்பளை பரப்புனதுன்னு பாத்தாலே தெரியுது தம்பி. கோணல் மாணலா, இங்குட்டு ஒண்ணும் அங்குட்டு ஒண்ணுமாக் கெடந்துச்சு. நாங்க ஒழுங்கு பண்ணிட்டோம்."

திருமணச் சாமான் இதைவிடச் சிறப்பாகப் பரப்பப்பட்டு நான் பார்த்ததில்லை.

உமையாள் குனிந்து பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று சொன்னாலும் கோபித்துக்கொண்டாலும் நான் பதில் வைத்திருந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. கைப்பேசியை எடுத்தாள்.

"திருச்சி பஸ் ரெண்டரைக்கு ஒண்ணு இருக்கும்ல அப்பச்சி?" என்றாள், வழி கேட்பவளைப் போல.

இனி அவள் வர மாட்டாள். அது எனக்கு எவ்வித ஐயமும் இன்றித் தெரிந்தது. படம் இல்லை, சாட்சி இல்லை, நான் சொல்வதை அவள் நம்பக் காரணமும் இல்லை. கீழே பதினேழு பெண்கள், ஒரு மைத்துனர், ஒரு மனைவி, எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். வகுப்பறை மேடையைத் தவிர வேறெங்கும் இத்தனை முகங்கள் என்னை ஒன்றாகப் பார்த்ததில்லை. பழக்கத்தால் தொண்டையைச் செருமினேன்.

"அனைவருக்கும் ஒரு விளக்கம்" என்றேன். "உமையாளுக்குத் திருமணம் நிச்சயிக்கப்படவில்லை. எந்தப் பையனும் இல்லை. நம்மவரும் இல்லை, பிறரும் இல்லை. இவள் எனக்குத் தெரியாமல் எதுவும் செய்யவில்லை. நானும் இவளுக்காக யாரையும் பார்க்கவில்லை. நான் செய்தது பாத்திரங்களைக் கொண்டு ஒரு பொங்கல் படம். அந்தத் தாம்பாளம் சூரியன். தூக்கு கரும்பு. மெத்தை..." கீழே படுத்திருந்த மெத்தையைப் பார்த்தேன். "மெத்தை மாடு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"கல்யாணம்னு நீங்க நெனக்கிறது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன். எப்போது எழுத்துத் தமிழை விட்டேன் என்று தெரியவில்லை. "ஆச்சி வெள்ளி இல்லன்னு சொன்னாகளே, அப்பவே தெரியும். சொல்லாம இருந்துட்டேன். இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வீம்புக்கு வெள்ளிய எடுத்து வச்சேன். மெத்தைய எடுத்து வச்சேன். ஒங்க மேல தப்பில்ல. இவ மேலயும் இல்ல. நாந்தேன்."

கீழேயிருந்து தெய்வானை ஆச்சி சொன்னார்கள்:

"அப்ப வெள்ளிய மொதல்ல உள்ள எடுத்து வைங்கப்பா. சும்மா ஊர்க் கண்ணு எதுக்கு?"

அருணாசலம் மீனாட்சியிடம், "மெத்தை எப்புடிக்கா மாடாகும்?" என்று கேட்பது கேட்டது.

உமையாள் படியிறங்கிப் போனாள். வாசலுக்குப் போகிறாள் என்று நினைத்து, நான் கைப்பிடிச் சுவரை விடாமல் நின்றேன். அவள் வாசலுக்குப் போகவில்லை. வளவுக்குள் வந்து, தூண் ஓரத்தில் பையை இறக்கி வைத்தாள். சணல் கயிற்றை அவிழ்த்தாள். தாம்பாள அடுக்கிலிருந்து அடியில் இருந்த பெரிய தாம்பாளத்தை உருவினாள். அண்ணாந்தாள்.

"சூரியன் எங்குட்டு இருந்துச்சு அப்பச்சி?"

"வடகிழக்கு" என்றேன். "மூலையிலிருந்து ஐந்து அடி."

"கரண்டிக்குக் கரண்டி?"

"பதினைந்து டிகிரி."

"கீழ வந்து காட்டுங்க. டிகிரியெல்லாம் எனக்கு மேலருந்து புரியாது."

(கட்டடக்கலை படித்தவள். அவளுக்குப் புரியும்.)

மாலை ஐந்து மணிக்குப் படம் மீண்டும் எழுந்தது. அதை மாசற்றது என்று சொல்ல மாட்டேன். கதிர்களில் இரண்டு இடைவெளிகள் இருபது டிகிரிக்கு மேல். தெய்வானை ஆச்சி, சேர்த்து வைத்த தூக்கை மறுபடி பிரிக்கச் சம்மதிக்காததால் கரும்பு ஒரு பக்கம் குட்டை. அருணாசலம் மாட்டைத் தாமே சுருட்டினார். கொம்புகளைப் பின்பக்கம் வைத்துவிட்டார். பெண்கள் ஐவர் ஐவராக மாடியேறி வந்து பார்த்தார்கள். ஆச்சி நெடுநேரம் பார்த்துவிட்டு, "சூரியன் சரி. மாடுதான் பூனை மாதிரி இருக்கு" என்று தீர்ப்பளித்தார்கள். வெள்ளி மட்டும் படத்தில் இல்லை. அதை மீனாட்சி பூட்டிவிட்டாள். ஆகவே அந்தப் பொங்கலில் எங்கள் பானை பொங்கவில்லை.

உமையாள் சொன்னபடி மூன்று நாட்கள் இருந்தாள். மூன்றாம் நாள் படத்தைக் கலைத்தபோது, நீல மங்குத் தட்டு ஒன்றைச் சென்னைக்கு எடுத்துப் போனாள். அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறாள். வரைபடம் அவளுடையது, துலக்குவது நானும் பாக்கியமும். அவள் திருமணத்தைப் பற்றி இங்கே எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுத மாட்டேன்.

எங்கள் உறவினர் வீடுகளில் இப்போது யாரேனும் நான்கு பாத்திரங்களைச் சேர்ந்தாற்போலக் கழுவிக் கவிழ்த்தால், "ஆருக்கு, எப்ப?" என்று கேட்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி வீட்டிலும் கேட்பதாக அறிகிறேன். யார் வீட்டிலாவது வரிசை வைக்கும்போது ஏதேனும் குறைந்தால், "புரபசர்கிட்டச் சொல்லுங்க, சாயங்காலத்துக்குள்ள வந்துரும்" என்கிறார்கள். இவற்றையெல்லாம் நான் மறுப்பதில்லை.

ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. என் மைத்துனர் அருணாசலம், போகிற திருமண வீடுகளிலெல்லாம், அன்று அயித்தான் மாடியில் நின்று எல்லோர் முன்னிலையிலும் அழுதுவிட்டார் என்று சொல்லி வருகிறார். அது தவறு. மாடியில் நான் அழவில்லை. கீழே இறங்கிய பிறகுதான்.